தொண்ணூற்றொன்றில் நாற்பத்தொன்பது

91 ஊமைக்குசும்பு பிடித்த எண். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். பரீட்சையில் 49/91 வந்தபோது இரண்டாம் வாய்ப்பாட்டிலும் மூன்றாம் வாய்ப்பாட்டிலும் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்குமேல் சுருங்காது என்று விட்டுவிட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்தப் பின்னத்துக்கு வயது ஏறக்குறைய ஈராயிரம். 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீனக் கணித நூலில், நிலம் அளக்கும் முதல் அத்தியாயத்திலேயே இதைச் சுருக்கச் சொல்லும் கணக்கு இருக்கிறது. வழியும் அங்கேயே இருக்கிறது. அதற்கு வாய்ப்பாடே வேண்டாம். பகுதி, தொகுதி இரண்டையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கலாம். இரண்டையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கலாம். அப்புறம் பெரியதிலிருந்து சிறியதை எடுத்துக்கொண்டே போக வேண்டும். 91இல் 49 போக 42. 49இல் 42 போக 7. பிறகு 42இலிருந்து ஏழேழாக எடுத்தால் 35, 28, 21, 14, 7. இரண்டு வரிசையிலும் ஒரே எண் நின்றதும் கையை எடுத்துவிடலாம். அந்த 7ஆல் மேலும் கீழும் வகுத்தால் 7/13. எந்த எண்ணால் அடிப்பது என்று ஊகிக்கவே தேவையில்லை. பள்ளியில் இதை ஏன் முதலில் சொல்லித் தரவில்லை என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு.

யூக்ளிடும் கி.மு. 300 வாக்கில், தம் 'மூலங்கள்' நூலின் ஏழாம் புத்தகத்தில் இப்படித்தான் மாறி மாறிக் கழித்தார். பாதியாக்கும் அந்த முதல் படி மட்டும் அவரிடம் இல்லை.

சீனத்தில் இந்த வழி 'ஒன்பது அத்தியாயங்கள்' நூலைவிடப் பழையது. ஹூபெய் மாகாணத்து ஜாங்ஜியாஷானில் 1983-84இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 186ஐ ஒட்டிய காலம். உள்ளே இருந்தவர் சிறிய பதவியில் இருந்த அலுவலர். அவரோடு புதைத்த மூங்கில் ஏடுகளில் 162/2016 சுருங்கி 9/112 ஆகிறது. செத்த பிறகும் பின்னம் சுருக்க வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்களோ!

அந்தப் பாதியாக்கும் படிக்கு மறுவாழ்வு வந்தது 1967இல். கணினிக்கு வகுத்தல் சுமை; பாதியாக்குவதோ, இரும எண்ணை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தும் வேலை. ஜோசப் ஸ்டைன் அந்த ஆண்டு வெளியிட்ட முறை, தொடக்கத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு கழித்தலுக்குப் பின்னும் பாதியாக்குகிறது. ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை என்றால் 2 பொதுக் காரணியாக இருக்க முடியாதே, தாராளமாகக் கழற்றிவிடலாம். 91இல் 49 போக 42, பாதி 21. 49இல் 21 போக 28, பாதி 14, அதில் பாதி 7. 21இல் 7 போக 14, பாதி 7.