ஸ்டியரிங் இலேசான கதை

சித்தியிடம் ஒரு பழைய டபிள் கப் பிக்கப் இருக்கிறது. வயது இருபதுக்கு மேல். விடியக் காலமை நாலு மணிக்கு மரக்கறி மூட்டைகளை ஏத்திக்கொண்டு அவ திருநெல்வேலிச் சந்தைக்குப் போறது அதிலைதான். போன வருசம் அதன் ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கினது. சந்தைக்குள் ரிவேர்ஸ் எடுக்கேக்கை ரெண்டு கையாலும் தொங்க வேண்டிய நிலைமை. பாத்துக்கொண்டு நிண்டவை எல்லாரும் சொன்னது ஒண்டுதான்: "உது பொம்பிளையள் ஓடுற வாகனமில்லை. ஒரு றைவரைப் பிடியுங்கோ."

கராஜ்காரர் வேறு மாதிரிச் சொன்னார். வாகனத்துக்குக் கீழே படுத்து, றாக்கின் இரண்டு முனைகளிலும் இருக்கிற மடிப்பு றப்பரைக் கையால் அமத்தினார். உள்ளேயிருந்து ஒயில் வடிஞ்சது. "அக்கா, உங்கட கையிலை பிழையில்லை. றாக் முடிஞ்சுது."

அந்த ஒரு வசனம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு வாகனத்தைத் திருப்பத் தேவையான பலம் யாருடைய உடம்பிலிருந்து வரவேண்டும் என்ற கேள்விக்கு நூறு வருசத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலாவது கார்களில் வட்டமான ஸ்டியரிங் இல்லை. படகின் சுக்கான் போல ஒரு தடிதான். 1894ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ருவான் நகரத்துக்கு நடந்த ஓட்டத்தில் அல்பிரட் வஷரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தனது பனார் வண்டியில் வட்டச் சில்லைப் பொருத்தி ஓடினார். பிறகு அதுவே வழக்கமாகியது. வட்டச் சில்லுக்கு ஒரு வசதி உண்டு. இடையில் பற்சில்லுகளைப் போட்டு, கை நிறையச் சுத்தினால் முன்சில்லு கொஞ்சம் திரும்பும்படி செய்யலாம். பாரம் குறையும். ஆனால் அதற்கு விலை இருக்கிறது. அதிக தரம் சுத்த வேண்டும்.

வாகனங்கள் பெருத்தன, பாரம் கூடியது. 1920களில் காத்தழுத்தம் குறைந்த அகலமான ரயர்கள் வந்தன. பயணம் மெத்தென்று இருந்தது, ஸ்டியரிங் இன்னும் இறுகியது. லொறி ஓடினவர்களின் பாடு சொல்லத் தேவையில்லை. கிடங்கில் சில்லு விழுந்தால் ஸ்டியரிங் திருப்பி அடிக்கும்.

இந்தப் பாட்டைக் கிட்ட நிண்டு பாத்தவர் பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவில் பியர்ஸ்-அரோ என்ற கொம்பனியின் லொறிப் பிரிவில் எஞ்சினியராக இருந்தவர். 1920களின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, மசசூசெட்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரத்தில் ஒரு சின்ன வேலைத்தளத்தை வாடகைக்கு எடுத்தார். துணைக்கு ஜோர்ஜ் ஜெசப் என்ற ஒரு கருவித் தொழிலாளி.

ஒயில் அழுத்தத்தால் பாரத்தைத் தள்ளலாம் என்பது அப்போதே தெரிந்த விசயம். ஆனால் எந்த நேரமும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் எங்கேயாவது கசியும். டேவிஸ் இதைத் திருப்பிப் போட்டார். வாகனம் நேராகப் போகும்போது அவருடைய வால்வு திறந்தே கிடக்கும். ஒயில் அழுத்தமில்லாமல் சும்மா சுத்தி வரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கத்தை அடைத்து, அழுத்தத்தைத் தேவையான திசைக்கு அனுப்பும். கையை விட்டால் பழையபடி திறந்துவிடும். சித்தியின் பிக்கப்பில் இருந்த றாக்கும் இதே அடிப்படையில்தான் வேலை செய்தது.

1926இல் டேவிஸ் இதைப் பொருத்திய பியர்ஸ்-அரோ காரை டெட்ரொயிட்டில் ஓடிக் காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் அவருடன் ஒப்பந்தம் செய்தது. கடிலாக் கார்களில் போடுவதாகத் திட்டம். பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. செய்யும் செலவுக்கு விற்பனை காணாது என்று கணக்குப் பார்த்து, 1934இல் கொம்பனி திட்டத்தைக் கைவிட்டது. பொருள் வேலை செய்தது. சந்தைக்கு வரவில்லை. தொழில்நுட்பம் தயாரானவுடன் மக்களிடம் வந்து சேர்ந்துவிடும் என்று நாங்கள் இலேசாக நம்புகிறோம். அப்படி நடக்கிறதில்லை.

டேவிஸ் 1936இல் பென்டிக்ஸ் கொம்பனியுடன் சேர்ந்தார். அப்பவும் பெரிதாக விற்கவில்லை. அவருடைய கண்டுபிடிப்பைத் தொகையாக வாங்கினது யுத்தம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் கவச வாகனங்களில் அது பொருத்தப்பட்டது. சந்தைக்குப் போகிற சனத்துக்குக் கட்டுபடியாகாது என்று ஒதுக்கப்பட்டது, படைக்கு உடனே கட்டுபடியாகியது. யுத்தத்துக்குள் வளர்ந்த எங்கடை அப்பா அம்மாக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1951இல் கிரைஸ்லர் தனது இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்கு விட்டது. அதற்கு உதவியது காலாவதியாகிப்போன டேவிஸின் சில காப்புரிமைகள். அதைக் கண்ட ஜெனரல் மோட்டோர்ஸ் திரும்ப டேவிஸைத் தேடிப் போனது. 1952இல் கடிலாக்கிலும் வந்தது. டெட்ரொயிட்டில் ஓடிக் காட்டி இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகுதான் காசு கொடுத்து கார் வாங்கும் ஆளுக்கு அது கிடைத்தது.

எங்கடை பக்கம் ஓடின கார்களோ வேறு வழியில் வந்தவை. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனரில் பவர் ஸ்டியரிங் இல்லை, ஆனால் றாக் அண்ட் பினியன் இருந்தது. பல்லு வெட்டின நீளக் கம்பி ஒன்று, அதன்மேல் உருளும் சின்னப் பற்சில்லு ஒன்று. கார் ஒரு தொன்னுக்கும் குறைவு என்றபடியால் அதுவே போதும். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடினவை இந்தத் தலைமுறைக் கார்கள்தான். பகுதிகள் குறைவு, எதையும் ஒட்டித் தைத்து ஓடலாம்.

பிந்தி வந்த பிக்கப்களில் இந்த இரண்டு மரபும் ஒன்றாகின. பல்லுக் கம்பிக்குள்ளேயே ஒரு பிஸ்டன், அதன் இரு பக்கமும் மாறி மாறி ஒயில் அழுத்தம். பிஸ்டனைச் சுத்தியுள்ள சீல் தேய்ந்தால் ஒரு பக்க அழுத்தம் மற்றப் பக்கம் ஓடிவிடும். உதவி போய்விடும். முனைச் சீல் போனால் ஒயில் றப்பருக்குள் வடியும், பம்ப் முனகத் தொடங்கும். அப்போது வாகனத்தின் முழுப் பாரமும் ஓடுகிறவரின் தோளுக்குத்தான்.

புது வாகனம் வாங்கு என்று சொல்வது லேசு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். ஆகவே சித்தி செய்ததைத்தான் பலரும் செய்தார்கள்: ரீகண்டிஷன் றாக் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

மாத்துகிற வேலையை நான் பக்கத்தில் நிண்டு பாத்தேன். முதலில் ஸ்டியரிங் சுத்தாதபடி கட்டினார். இணைப்பில் அடையாளக் கோடு கீறினார். சில்லுக்குப் போகிற முனைகளைக் கழட்டும்போது எத்தனை புரி என்று எண்ணி எழுதினார். பழைய ஒயிலை முழுக்க வடிச்சுக் கழுவினார், இல்லாட்டி அதிலுள்ள தூள் புதுச் சீலையும் தின்றுவிடுமாம். பூட்டின பிறகு முன்சில்லுகளைத் தூக்கி, ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு ஆறுதலாகத் திருப்பித் திருப்பி உள்ளேயிருந்த காத்தை வெளியேத்தினார். கடைசியாக வீல் எலைன்மென்ட்.

அடுத்த நாள் விடிய சித்தி வழமைபோலச் சந்தைக்குள் ரிவேர்ஸ் எடுத்தா. ஒரு கையால். றைவர் பிடிக்கச் சொன்னவை ஒண்டும் சொல்லேல்லை.

1988இல் சுசுகி சேர்வோ காரில் ஒயிலே இல்லாத மின்சார ஸ்டியரிங் வந்தது. இண்டைக்கு எங்கடை ரோட்டில் ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலும் அந்த வகைதான். அதில் பழகினவர்களுக்கு இந்தக் கதை பழங்கதையாகத் தெரியலாம். ஆனால் உங்கடை வீட்டில் ஒரு பழைய வாகனம் இருந்து, அதை ஓடுகிற பெண்ணிடம் யாராவது "உனக்கு ஏலாது" என்று சொன்னால், முதலில் கீழே குனிந்து அந்த றப்பரை ஒருக்கா அமத்திப் பாருங்கோ.