பரம்பரை மூளைக் கட்டிகள்

மூளைக் கட்டிகளில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. சிறு பங்கு மட்டும், பிறவியிலேயே உள்ள ஒற்றை மரபணுப் பிழையால் உண்டாகிறது. அந்தப் பிழை உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பதால் நோய் மூளையோடு நிற்காது. கண், காது நரம்பு, சிறுநீரகம், தோல் எனப் பிற இடங்களிலும் தடம் காட்டும். இரு காது நரம்புகளிலும் கட்டி வளர்ந்தால் இரண்டாம் வகை நரம்பு நார்க்கட்டி நோயையும், வலிப்போடு முகத்தில் பரு போன்ற தடிப்புகள் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயையும் மருத்துவர் நினைக்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் துலங்கியது வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய். ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு வருவது. ஜெர்மன் கண் மருத்துவர் வான் ஹிப்பல் 1904இல் விழித்திரையின் ரத்தக்குழாய்க் கட்டிகளை விவரித்தார். அவற்றுக்கும் சிறுமூளைக் கட்டிக்கும் உள்ள உறவை 1926இல் காட்டியவர் சுவீடனின் ஆர்விட் லிண்டாவ். காரணமான மரபணு 1993இல் மூன்றாம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை அழிப்பது இந்த மரபணுவின் வேலை. அது பழுதானால், பற்றாக்குறையே இல்லாதபோதும் உயிரணு பற்றாக்குறையில் இருப்பதுபோல் இயங்கி, ரத்தக்குழாய்களைப் பெருக்குகிறது. இதை விளக்கியதில் பங்குள்ள வில்லியம் கெய்லினுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தையே தடுக்கும் பெல்சூட்டிஃபான் மாத்திரைக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சில நோயாளிகளின் கட்டி சிவப்பணு பெருக்கும் சுரப்பையும் வெளியிடும். ரத்தசோகை மலிந்த நம் ஊரில், ஹீமோகுளோபின் அளவுமீறி ஏறியிருப்பதும் ஒரு துப்பு.

பரம்பரை நோய் என்றதும் நம்மவர்கள் சொந்தத்துக்குள் செய்த கல்யாணத்தைக் குற்றம் சொல்வார்கள். வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய்க்கு அது பொருந்தாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பெற்றோரிடம் இல்லாத பிழை புதிதாகத் தோன்றுகிறது. உறவுத் திருமணம் உண்மையிலேயே கணக்கில் வருவது வேறொரு நோயில்: டி.என்.ஏ. பிழை திருத்தும் மரபணுவின் பழுதான படி இரு பெற்றோரிடமிருந்தும் வந்துசேர்ந்தால், குழந்தைக்கு மூளை, ரத்தம், குடல் ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். தோலில் காப்பி நிறத் திட்டுகள் முன்னறிகுறியாகத் தெரியக்கூடும்.

இத்தகைய நோயாளி சிகிச்சைக்கு எங்கே போவார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தலைவலி, நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றோடு இங்கிருந்து இறங்குபவருக்கு எட்டும் நகரம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மரபணு மருத்துவப் பிரிவும் அங்கு உள்ளது. ஆயினும் அறுவை முடிந்து ஊர் திரும்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பது பிழை. நோயாளியிடம் பிழையான மரபணு உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ரத்தப் பரிசோதனை தேவை. பிழை உள்ளவருக்குச் சிறு வயதிலிருந்தே கண் சோதனையும், பின்னர் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். பிழை இல்லாதவருக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் தேவையில்லை. அவர் பிள்ளைகளுக்கும் அந்தப் பிழை இறங்காது.