கோதுமைச் சீமையின் டாக்டர் வரி

1914-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் சார்னியா என்ற கிராமப்புற ஊராட்சி, தன் டாக்டரை இழந்துவிடும் நிலைக்கு வந்தது. கோதுமை விளைந்தால்தான் விவசாயி கையில் காசு. மழை பொய்த்த ஆண்டில் டாக்டருக்கும் பட்டினிதான். ஊராட்சி ஒரு முடிவெடுத்தது. ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்து அவரை ஊரிலேயே இருத்திக்கொண்டது. வரிப்பணத்தை இப்படிச் செலவழிக்க அப்போது சட்டத்தில் இடமில்லை. அதற்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் 1916-இல்தான் வந்தது.

பக்கத்து ஊராட்சிகளும் அதே வழியில் போயின. சில ஊராட்சிகள் ஒன்றுசேர்ந்து பொது ஆஸ்பத்திரி கட்டின. 1929-இல் காசநோய்க்கு மாகாணம் முழுவதும் இலவசச் சிகிச்சை வந்துவிட்டது. கனடாவின் பொது மருத்துவ வரலாற்றை டாமி டக்ளஸ் என்ற ஒற்றை மனிதரோடு தொடங்குவது வழக்கம். அவருக்கு முன்பே விவசாயிகள் பாதித் தூரம் நடந்திருந்தார்கள்.

டக்ளஸ் 1904-இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் பிறந்தவர். சிறுவயதில் விழுந்து அடிபட்ட காலில் எலும்பு புரையோடியது. குடும்பம் வின்னிபெக்குக்குக் குடியேறிய பிறகு, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்போது ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் முன்வந்தார்: மாணவர்கள் பார்த்துக் கற்க இடம் கொடுத்தால் கட்டணம் வேண்டாம். கால் பிழைத்தது. தன்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான் என்பதைப் பிற்காலத்தில் டக்ளஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த கட்டிலில் இருந்த ஏழைப் பையனுக்கு அப்படி ஒரு நிபுணர் வாய்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

1930-இல் அவர் வேபர்ன் நகரின் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக வந்தார். பொருளாதார மந்தமும் புழுதிப்புயலும் சேர்ந்து வந்த காலம். சபையின் நிலவறையில் துணியும் உணவும் சேகரித்துக் கொடுத்தார். வைத்தியத்துக்கு வழியில்லாமல் இறந்த இரண்டு இளம் குடும்பத்தலைவர்களை அடக்கம் செய்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அன்றைய சமவெளிப் போதகர்கள் பலரைப் போல அவரும், ஏழைகளின் துயர் தீர்ப்பதும் விசுவாசத்தின் கடமை என்ற ‘சமூக நற்செய்தி’ மரபில் ஊறியவர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதையில், அவன் காயத்துக்கு எண்ணெய் வார்த்தது எல்லோர் நினைவிலும் நிற்கும். சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் அதையும் தருவதாகச் சொன்ன பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். டக்ளஸின் அரசியல் முழுவதும் இந்தச் சத்திரக் கணக்கைப் பற்றியதுதான்.

அரசியலில் இறங்கிய அவர் 1944-இல் மாகாண முதல்வரானார். 1947 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு. தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தா, குடும்பத்துக்கு எவ்வளவு போனாலும் 30 டாலர். மிச்சத்தை அரசு போட்டது. டாக்டர் கட்டணத்துக்கும் காப்பீடு கொண்டுவர அவர் அவசரப்படவில்லை. மத்திய அரசு ஆஸ்பத்திரிச் செலவில் ஏறக்குறைய பாதியைச் சுமக்க ஒப்புக்கொண்டு, மாகாணக் கஜானாவில் மூச்சுவிட இடம் கிடைத்த பிறகே, 1959-இல் அதை அறிவித்தார். பணமில்லாமல் தொடங்கிய நல்ல திட்டம் கெட்ட பெயரோடு முடியும் என்பது இந்தப் போதகருக்குத் தெரிந்திருந்தது.

1962 ஜூலை 1-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டக்ளஸ் அதற்குள் மத்திய அரசியலுக்குப் போயிருந்தார். நெருக்கடியைச் சமாளிக்கும் பொறுப்பு அவருக்குப் பின் முதல்வரான வுட்ரோ லாய்டின் தலையில் விழுந்தது. திட்டத்தை எதிர்த்து ‘நம் டாக்டர்களைக் காப்போம்’ என்ற குழுக்கள் ஊர் ஊராக முளைத்தன. அவற்றின் மேடைகளில் மிகக் காரமாகப் பேசியவர்களில் ஒருவர் அதால் மர்ரி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்த இருவர் எதிரெதிர்க் கரையில் நின்றார்கள். மர்ரியைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிட முடியாது. ஏழைப் பையன்களுக்காக வறண்ட சமவெளியில் ஒரு கல்லூரியைக் கட்டி நடத்தியவர் அவர். அரசின் கை நீள்வதுதான் அவருக்கு ஆகவில்லை.

மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரள்வார்கள் என்று எதிர்ப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். வந்தது சில ஆயிரம்தான். பிரிட்டனிலிருந்து டாக்டர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அங்கிருந்தே வந்த டெய்லர் பிரபு இரு தரப்பிடமும் மாறி மாறிப் பேசி, 23-ஆம் நாள் ஒப்பந்தம் எழுதவைத்தார். டாக்டர்கள் அரசு ஊழியர்களாக ஆகவில்லை; பில்லை அரசு கட்டியது.

அரசியல் விலை பெரியது. வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன், 1962 ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ரெஜைனாவில் டக்ளஸ் தோற்றார். 1964-இல் அவர் கட்சி மாகாணத்தில் ஆட்சியை இழந்தது. ஆனால் புதிய லிபரல் அரசு திட்டத்தை ரத்துசெய்யத் துணியவில்லை. 1966-இல் நாடாளுமன்றம் மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. ஒன்டாரியோ 1969-இல் சேர்ந்தது. அந்த மாகாணத்தின் ஸ்கார்பரோவிலுள்ள ஈழத்தமிழர்கள் பையில் வைத்திருக்கும் சுகாதார அட்டைக்கு மூலம் அதுதான்.

நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. பல்லும் மருந்துக் கடைப் பில்லும் அப்போதும் வெளியேதான் நின்றன. பல்லுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் சிகிச்சை தொடங்கியது 2024-இல். அதுவும் வேறு காப்பீடு இல்லாத, வருமானம் ஓர் அளவுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான்.