ஒரு டிஸ்சார்ஜ் தாளின் வரலாறு

அக்காவுக்கு இரைப்பை பைபாஸ் செய்து இந்த ஆவணியோடு இரண்டு வருஷம் ஆகிறது. 31 கிலோ இறங்கியிருக்கிறாள். சர்க்கரைக்கு ஒன்பது வருஷம் போட்ட மாத்திரை நின்றுவிட்டது. போன மாதம் போனில் பேசும்போது கேட்டாள்: "டேய், எடையும் இறங்கிடுச்சு, சுகரும் நார்மல். இன்னும் எதுக்குடா இந்த வைட்டமின் மாத்திரை எல்லாம்? நிறுத்திடலாமா?"

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவளிடம் கொடுத்த தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மொத்தம் 22 வரி. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு. இனிப்பு வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால் உடனே வரவும். பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க. எல்லாம் சரி, ஆனால் ஒரு வரிக்குக்கூட ஏன் என்று காரணம் கிடையாது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். காரணம் எழுதாமல் விட்ட கான்ஃபிக் வரியை என்றைக்காவது ஒருத்தன் "இது எதுக்கு சும்மா கிடக்கு" என்று தூக்கிவிடுவான். அக்கா இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

அதனால் ஒவ்வொரு வரியும் எப்போது, யாருக்கு என்ன ஆனதால் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் போனதே தெரியவில்லை. (நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு ராத்திரியில் பழைய மருத்துவக் கட்டுரை வாசிக்கிற ஆள், அவ்வளவுதான். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.)

இந்தச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யார் எங்கே வெட்டினார், எதை எதோடு இணைத்தார் என்றுதான் எழுதுகிறார்கள். வெட்டி முடித்து வீட்டுக்கு அனுப்பியபின் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்பது ஓரத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தாளில் உள்ள வரிகளெல்லாம் அந்த ஓரத்திலிருந்து வந்தவைதான்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். முதலில் கை வைத்தது இரைப்பையில் இல்லை, குடலில். 1954இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமனும் அவர் குழுவினரும் நாய்களின் சிறுகுடலில் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டு, உணவு குறுக்கு வழியில் போகும்படி செய்து பார்த்தார்கள். அடுத்த சில வருஷங்களில் லாஸ் ஏஞ்சலஸில் பெய்ன், டிவின்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் மனிதர்களுக்குச் செய்தார்கள். 1963இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 10 பேர். சிறுகுடலின் தொடக்கத்தை நேராகப் பெருங்குடலோடு இணைத்திருந்தார்கள். எடை சரசரவென்று இறங்கியது. கூடவே நிற்காத பேதி, உப்புச்சத்து இழப்பு, கல்லீரல் பாதிப்பு. குடலைப் பழையபடி திருப்பி இணைத்தபோது போன எடை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

1969இல் அவர்களே திருத்திய வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறுகுடலின் முதல் 14 அங்குலத்தைக் கடைசி 4 அங்குலத்தோடு இணைப்பது. நம் சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி. அதில் உணவு தொடுவது வெறும் 18 அங்குலம்! இதைத்தான் 70களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், எடை இறங்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

பில் பிறகு வந்தது. செரிக்காத கொழுப்பு குடலுக்குள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாக ஆக்ஸலேட்டைக் கட்டிப்போட்டு மலத்தோடு வெளியேற்றுவது அந்தக் கால்சியம்தான். அது இல்லாததால் ஆக்ஸலேட் சுதந்திரமாக ரத்தத்துக்குள் போய், சிறுநீரகத்தில் கல்லாக உட்கார்ந்தது. சும்மா கிடந்த 18 அடிக் குடலில் பாக்டீரியா குடியேறியது. மூட்டு வீங்கியது. சிலருக்குக் கல்லீரல் அடியோடு செயலிழந்து உயிரே போனது. இதில் கவனிக்க வேண்டியது காலம். கல்லும் கல்லீரலும் ஆபரேஷன் முடிந்த மறுவாரம் வரவில்லை. பலருக்கு வருஷங்கள் கழித்து, 'கேஸ் முடிந்தது' என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் வந்தது. 1980 வாக்கில் இந்த ஆபரேஷனை ஏறக்குறைய கைவிட்டார்கள்.

1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பி.எம்.ஐ. 40க்கு மேல், அல்லது கூட நோய் இருந்தால் 35க்கு மேல் என்று இந்தச் சிகிச்சைக்கு வரம்பு வகுத்தது. அந்த அறிக்கையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த எண்களை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு வரி: ஆயுள் முழுக்க மருத்துவக் கண்காணிப்பு அவசியம் என்று சொல்கிற வரி. அக்காவின் தாளில் இருக்கும் 'ஆயுள் முழுக்க' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் குடல் பைபாஸ் தலைமுறை நிற்கிறது என்றே நான் படிக்கிறேன்.

இரைப்பைக்கு வந்தது அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்களுக்கு, என்ன சாப்பிட்டாலும் எடை ஏறுவது கஷ்டமாக இருந்ததை அவர் கவனித்தார். அல்சர்காரர்களுக்கு அது தொல்லை. அதையே வேண்டுமென்று செய்தால்? 1966இல் முதல் இரைப்பை பைபாஸ். அடுத்த வருஷம் இட்டோ என்பவரோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு அக்காவுக்குச் செய்தது அதன் பேத்தி வடிவம். மேலே ஒரு சின்னப் பை, கொள்ளளவு 30 மில்லி அளவுக்குத்தான் (இருமல் டானிக் மூடியில் மூன்று மூடி). அதிலிருந்து நேராகச் சிறுகுடலுக்கு ஒரு இணைப்பு.

அல்சர் ஆபரேஷனிலிருந்து பிறந்ததால் அதன் சீதனமும் கூடவே வந்தது. 1913லேயே லண்டனில் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாடு கடகடவென்று குடலில் இறங்கி, வியர்த்து, படபடத்து, மயக்கம் வருகிறது என்று. பிற்பாடு 'டம்ப்பிங்' என்று பெயர் வைத்தார்கள். இனிப்பு சாப்பிட்டால் அதிகம். சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, ரத்த அழுத்தம் தடுமாறுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை சரிந்து இன்னொரு ரவுண்டு. தண்ணீரையும் சோற்றையும் சேர்க்காதே, இனிப்பைத் தொடாதே என்கிற வரிகளின் மூலம் இதுதான்.

வேடிக்கை என்னன்னா, அல்சர் சர்ஜன்கள் வெட்கத்தோடு எழுதிய அந்தப் பக்க விளைவு எடைக்குறைப்பு சர்ஜன்களுக்கு வரமாகத் தெரிந்தது. மேசனே பிறகு குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் குறுக்குகிற எளிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். 1987இல் வர்ஜீனியாவில் சுகர்மன் குழு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. குறுக்கிய இரைப்பையில் கெட்டியான சாப்பாடு இறங்காது, ஆனால் இனிப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இனிப்புப் பிரியர்களுக்கு எடை சரியாக இறங்கவில்லை. பைபாஸ்காரர்களை டம்ப்பிங் பயம் காத்தது. எங்கள் தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு: "அது பக் இல்லைங்க, ஃபீச்சர்."

இப்போது அக்காவின் கேள்வி, பி12. இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1920களின் கடைசியில் பாஸ்டனில் வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவருக்கு ஒரு சந்தேகம். ஒரு வகை ரத்தசோகையில் நோயாளி எவ்வளவு இறைச்சி தின்றாலும் ரத்தம் ஊறுவதில்லை. ஒருவேளை குறை அவர்களுடைய இரைப்பையில் இருக்குமோ? ஆரோக்கியமான ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, அதை நோயாளிக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) ரத்தம் ஊறியது! வெறும் இறைச்சிக்கு ஊறவில்லை, வெறும் இரைப்பைச் சாறுக்கும் ஊறவில்லை. இரண்டும் சேர வேண்டும். இரைப்பை சுரக்கும் ஏதோ ஒன்று இருந்தால்தான் உணவிலுள்ள ஏதோ ஒன்றைக் குடல் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது 'ஏதோ ஒன்று' பி12 என்று 1948இல் பிரித்தெடுத்தார்கள்.

அக்காவின் வயிற்றில் இப்போது சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியைச் சந்திப்பதே இல்லை. காஸிலின் சோதனையை உடம்புக்குள் தலைகீழாகச் செய்து வைத்த மாதிரி. அப்படியானால் ஏன் இன்னும் ஒன்றும் ஆகவில்லை? கணக்கு போட்டேன். உடம்பின் மொத்தச் சேமிப்பு 2 முதல் 5 மில்லிகிராம். ஒரு நாள் செலவு 2.5 மைக்ரோகிராம் அளவு. வரவே இல்லை என்று வைத்தால்கூட 2.5 மில்லிகிராம் ஆயிரம் நாள் ஓடும். கிட்டத்தட்ட மூன்று வருஷம். அதாவது நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது, நன்றாகவே இருப்பாள். மூன்றாம் வருஷம் கால் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும். நரம்பு கெட்டுப்போனபின் ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. இதில் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு சைவம். ஒன்பது வருஷம் மெட்ஃபார்மின் வேறு, அதுவும் பி12ஐக் குறைக்கும். சேமிப்பே குறைவாக இருந்த கணக்கு. இதை எழுதி அனுப்பினேன். "நீ கணக்குல பயமுறுத்துறடா" என்றாள். மாத்திரை தொடர்கிறது.

பி12க்கு மூன்று வருஷம் தவணை என்றால் தயமினுக்கு, அதாவது பி1க்கு, மூன்று வாரம்கூட இல்லை. உடம்பின் மொத்த இருப்பே 30 மில்லிகிராம் போலத்தான், தினமும் ஒன்றுக்கு மேல் செலவு.

1881இல் வியன்னாவில் பில்ரோத் இரைப்பைப் புற்றுநோய்க்காக முதல்முறையாக இரைப்பையின் பகுதியை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். அதே வருஷம் பெர்லினில் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டு பேர் குடிகாரர்கள். மூன்றாவது, தையல் வேலை செய்த 20 வயதுப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்திருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இரைப்பையின் வாசல் சுருங்கிப்போய் வாந்தி நிற்கவில்லை. சில வாரத்தில் கண் அசைவு நின்று, நடை தள்ளாடி, புத்தி குழம்பி இறந்துபோனாள். தயமின் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அது தெரிய ஜாவாவில் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 1920களில் நம் குன்னூரில் மெக்காரிசன் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். புழுங்கலரிசி சாப்பிட்ட மாவட்டங்கள் எப்படித் தப்பின என்பது தனிக்கதை, இன்னொரு பதிவில் எழுதுகிறேன். குடல் பைபாஸும் இரைப்பை பைபாஸும் வந்தபின் அந்தத் தையல்காரப் பெண்ணின் நோய் திரும்ப வந்தது. காரணம் அதேதான், நிற்காத வாந்தி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. ஆபரேஷன் ஆன ஏழாவது வாரம் அக்கா தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பத்து நாளாகவே வாந்தி, வெளியே சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் ஆபரேஷன் விஷயமே சொல்லவில்லை, "டயட்" என்று மட்டும்தான். அங்கே படுத்துவிட்டாள். பக்கத்து கிளினிக்கில் நர்ஸ் வழக்கம்போல குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டார், ஊசி குத்துவதுதான் பாக்கி. டாக்டர் வயிற்றில் இருந்த ஐந்து சின்னத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார். பக்கத்தில் மாமியார், அக்கா வாயே திறக்கவில்லை. அத்தான்தான், "பைபாஸ் சார், வயித்துல" என்று சொல்லிவிட்டார். டாக்டர் பாட்டிலை நிறுத்தச் சொல்லி, முதலில் தயமின் ஊசி போட்டு, பிறகுதான் ட்ரிப் ஏற்றினார். தயமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி வெர்னிக்கே நிலையைத் தூண்டிவிடும். மதுரைக்கு வந்து பார்த்ததில் இணைப்பு சுருங்கியிருந்தது. எண்டோஸ்கோப் வழியாகப் பலூன் விட்டு விரித்தார்கள், வாந்தி நின்றது.

அந்த டாக்டருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும் என்றார் அத்தான். அல்சருக்கு ஆபரேஷன் செய்த காலத்தைப் பார்த்தவராக இருக்கலாம். 1982இல் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபேக்டர் கிருமியைக் கண்டுபிடித்தபின் அல்சருக்கு மாத்திரை போதும் என்றாகி, அந்த ஆபரேஷன்கள் மறைந்துவிட்டன. வெட்டிய இரைப்பையோடு வாழ்கிறவர்களைப் பார்க்கும் பழக்கமும் சாதாரண கிளினிக்குகளில் குறைந்துபோனது என்பது என் ஊகம். இந்தச் சிகிச்சையை ஒளித்து வைப்பதில் உள்ள ஆபத்து அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். பர்ஸில் ஒரு அட்டை இருந்தால் போதும்.

தாளில் இல்லாத வரிகளும் உண்டு. அமெரிக்காவில் 1,945 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், மதுப் பிரச்சினை ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம், முதல் வருஷம் 7.3, இரண்டாம் வருஷம் 9.6. பைபாஸ் ஆனவர்களுக்கு மது குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சட்டென்று ஏறுகிறது. 2007இல் யூட்டாவில், பைபாஸ் ஆன 7,925 பேரை அதே அளவு எடையுள்ள இன்னொரு 7,925 பேரோடு ஒப்பிட்டார்கள். மொத்த இறப்பு 40 சதவீதம் குறைவு, சர்க்கரை நோயால் இறப்பு 92 சதவீதம் குறைவு. அதே கட்டுரையில் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத இறப்புகள் 58 சதவீதம் அதிகம். முதல் இரண்டு எண்களை விளம்பரங்களில் பார்க்கலாம். எடை இறங்கியபின் மனசு எங்கே போகிறது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்கு மூன்றாவது எண்ணைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள், பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 25 சதவீதம். கொஞ்சம் திரும்ப ஏறுவது இயல்பு என்று இந்த எண்ணைக் காட்டித்தான் அக்காவைச் சமாதானப்படுத்தினேன், போன தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறியதற்கு அழுதுகொண்டிருந்தாள். அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2018இல் இன்னொரு கட்டுரை வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக இருந்தவர்களில் துணை தேடிக்கொண்டவர்கள் அதிகம், துணையோடு இருந்தவர்களில் பிரிந்தவர்களும் அதிகம். ஒரு ஆள் மாறினால் வீட்டில் சமையல், சாப்பாட்டு நேரம், வெளியே போவது, யார் யாரைச் சார்ந்திருப்பது எல்லாமே மாறத்தானே செய்யும்.

கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி அத்தானுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.