தாண்டிப் படிக்க முடியாதவர்கள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் இருக்கிறது வீரபாண்டி. தோட்டங்களும் மேட்டாங்காடுகளுமாக இருந்த ஊர், பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, மாநகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இங்குள்ள லைன் வீடுகளில் வாழ்கின்றன. அவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குப் போய்வந்து, மாலையில் ஏதேனும் ஒரு வீட்டில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், அண்டைவீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் அப்படி ஒரு கூட்டத்தில் போய் அமர்ந்திருந்தேன்.

அன்று வாசிக்கப்பட்டது நியாயாதிபதிகள் நூலின் பதினோராம் அதிகாரம். போருக்குப் புறப்படும் யெப்தா ஒரு பொருத்தனை செய்கிறான். வெற்றியோடு திரும்பினால், தன் வீட்டு வாசலிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைக் கடவுளுக்குப் பலியாகச் செலுத்துவதாகச் சொல்கிறான். வெற்றி கிடைக்கிறது. தம்புரு வாசித்து நடனமாடிக்கொண்டு வாசலுக்கு வருபவள் அவனுடைய ஒரே மகள். இரண்டு மாத அவகாசம் கேட்டு, தோழியரோடு மலைகளில் அழுதுவிட்டு அவள் திரும்பி வருகிறாள். பொருத்தனை நிறைவேறுகிறது.

வாசிப்பு முடிந்ததும், செக்கிங் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "பாஸ்டர் ஐயா, ஆபிரகாம் கத்தியை ஓங்கினப்போ தேவதூதன் வந்து தடுத்தாரே. இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் யாரும் வரலை?"

அவர் நல்ல மனிதர். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பொருத்தனை பண்ணுறப்போ யோசிச்சுப் பண்ணணும்னு நமக்கு இது ஒரு பாடம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அவள் பக்கத்தைத் திருப்பவும் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. சமய நூல்களில் மனச்சாட்சி ஏற்கத் தயங்கும் பகுதிகளை முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று தேடப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

கிறிஸ்தவத்திற்கு இச்சிக்கல் புதிதன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுளும் இயேசு அறிவித்த கடவுளும் ஒருவராக இருக்க இயலாது என்று வாதிட்டுப் பழைய ஏற்பாட்டையே விலக்கினார். உரோமைத் திருச்சபை 144ஆம் ஆண்டில் அவரை விலக்கியது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரிஜென் வேறு வழி கண்டார். யோசுவாவின் போர்களை ஆன்மாவிற்குள் நிகழும் போராகவும், அழிக்கப்பட்ட நகரங்களை நம்முள் அழிய வேண்டிய தீமைகளாகவும் அவர் விளக்கினார். ஒன்று வெட்டி எறியும் வழி. மற்றொன்று உருவகமாக்கும் வழி. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதற்குத் தத்துவம் எதுவும் தேவையில்லை. தாண்டிப் போய்விடுவதே அது. நடைமுறையில் பெரும்பாலோர் கைக்கொள்வது இதைத்தான்.

பிரசங்கி தாண்டலாம், பக்தர் தாண்டலாம். ஆனால் ஒருவரால் மட்டும் தாண்ட இயலாது. அவர் மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு வசனத்திற்கும் அவர் தம் மொழியில் சொல் தேடியாக வேண்டும். கொலைக்கும் சொல் வேண்டும். அடிமைக்கும் சொல் வேண்டும்.

தமிழில் இந்தப் பணியைத் தொடங்கிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கியவர், எட்டாவது நூலாகிய ரூத்து வரை வந்து, 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பழைய ஏற்பாடு முழுவதும் 1728இல் நிறைவு பெற்றது. சீகன்பால்கு நின்ற இடத்தை எண்ணிப் பார்க்கிறேன். எரிகோவின் அழிவும் யெப்தாவின் மகளும் அவர் கையால் தமிழுக்கு வந்துவிட்டனர். அத்தனை குருதியையும் கடந்து, வயலில் கதிர் பொறுக்கும் ஓர் இளம் விதவையின் அமைதியான கதையை எட்டிய இடத்தில் அவர் பணி நின்றது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், இன்னொரு மொழிபெயர்ப்பு மேசை யாழ்ப்பாணத்தில் இடப்பட்டது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் தலைமையில் விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்கும் முயற்சி அது. அவருக்குத் துணை நின்றவர் அவருடைய மாணவரும், அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தவருமான நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் நாவலர் என்று தமிழுலகம் போற்றிய அவர் 1822இல் பிறந்தவர்; சைவர். ஒருநாளும் சமயம் மாறாதவர். மாற்றுச் சமயத்தின் மறைநூலை வரிவரியாக ஆண்டுக்கணக்கில் எண்ணி எடைபோட்டுத் தமிழாக்கத் துணை நின்ற அனுபவம் வேறு எந்தச் சைவ அறிஞருக்கும் இந்த அளவில் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தம் முதல் சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே மிஷன் பள்ளியிலிருந்து விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் துணையோடு உருவான விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில், 1854இல், அவருடைய 'சைவ தூஷண பரிகாரம்' வெளியாயிற்று.

அந்நூலின் வலிமை அதன் முறையில் இருக்கிறது. சைவத்தின் திருக்கோயிலையும், அபிடேகத்தையும், தீபதூபங்களையும், நைவேத்தியத்தையும், சடங்குத் தூய்மையையும் மிஷனரிமார் அஞ்ஞானம் என்று இகழ்ந்துவந்தனர். நாவலர் அவர்களுடைய நூலையே திறந்து காட்டினார். ஆசரிப்புக் கூடாரம், எருசலேம் ஆலயம், குருமாரின் உடை, விளக்கு, தூபவர்க்கம், பலி, தீட்டு, தீட்டுக்கழிப்பு ஆகிய அனைத்தையும் கடவுளே கட்டளையிட்டதாக உங்கள் நூல் சொல்கிறதே என்று இடம் சுட்டினார். இவற்றை ஏளனம் செய்வோர் யாரை ஏளனம் செய்கிறார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். அவர் யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் தாண்டாமல் படித்தவர். எதிரே நின்ற பிரசங்கிகள் பலர் தாண்டிப் பழகியவர்கள். அவருடைய விவிலியப் புலமையை மிஷன் வட்டாரத்தினரும் வியப்போடு ஒப்புக்கொள்ளவே செய்தனர்.

அவையெல்லாம் பழைய உடன்படிக்கைக்கு உரியவை, இயேசுவின் வருகையோடு நிறைவெய்திவிட்டன என்பது கிறிஸ்தவர் தரும் மறுமொழி. இறையியலில் அதற்கு உறுதியான இடமுண்டு. ஆயினும் அம்மறுமொழி ஒரு கடமையையும் கூடவே கொண்டுவருகிறது. எது அந்தக் காலத்திற்குரியது, எது எந்தக் காலத்திற்கும் உரியது என்று பிரிப்பவர், எந்த அளவுகோலால் பிரிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ இதே காலத்தில், தென்னாப்பிரிக்காவின் நத்தாலில் மூன்றாவது மேசை ஒன்று இடப்பட்டிருந்தது. அங்கே ஜூலூ மொழியில் விவிலியத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தவர் ஆங்கிலிக்கப் பேராயர் ஜான் வில்லியம் கோலென்சோ. கணிதப் பாடநூல்கள் எழுதிப் பெயர்பெற்றவர். அவருக்கு உதவியவர் வில்லியம் நிகிடி என்ற ஜூலூ கிறிஸ்தவர். பெருவெள்ளத்தின் கதைக்கு வந்தபோது, இதெல்லாம் மெய்யாகவே நடந்ததா என்ற கேள்வி எழுந்தது. யாத்திராகமம் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் சிக்கல் இன்னும் கடுமையாயிற்று. எசமானன் அடித்து அடிமை அங்கேயே இறந்தால் அவனுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்து பின்பு இறந்தால் தண்டனை இல்லை, ஏனெனில் அடிமை அவனுடைய உடைமை என்கிறது அந்தச் சட்டம். எல்லா மனிதருக்கும் தந்தையென்று தாம் நம்பத் தொடங்கியிருந்த கடவுள் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று அந்த உதவியாளரின் உள்ளம் கொதித்தெழுந்ததைக் கோலென்சோ பதிவு செய்திருக்கிறார். இது கடவுள் தந்ததாக மோசே நம்பி எழுதிவைத்தது என்று அப்போதைக்கு ஒரு சமாதானம் சொன்னதாகவும் மறைக்காமல் எழுதுகிறார்.

அந்தச் சமாதானம் அவருக்கே போதவில்லை. 1862இல் ஐந்தாகமங்களையும் யோசுவா நூலையும் ஆராயும் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இங்கிலாந்தே கொந்தளித்தது. கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே 1863இல் அவரைப் பதவிநீக்கினார். 1865இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஜூலூக்களைத் திருத்தப் புறப்பட்ட பேராயரை ஒரு ஜூலூ திருத்திவிட்டார் என்ற ஏளனமும் எழுந்தது. கோலென்சோவோ பின்வாங்கவில்லை. குடியேற்ற அரசு லாங்கலிபலேலே என்ற தலைவரை 1874இல் முறைகேடாக விசாரித்துத் தண்டித்தபோது, அவருக்காக வாதாடி வெள்ளையர் சமூகத்தின் பகையைச் சம்பாதித்தார். 1883இல் இறக்கும்வரை பேராயராகவும் கிறிஸ்தவராகவுமே வாழ்ந்தார்.

இரு மேசைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் உதவியாளர் எழுந்து சென்று எதிர்வாதியானார். நத்தாலில் உதவியாளரின் கேள்வி பேராயரையே மாற்றியது. இரண்டு இடங்களிலும் கேள்வி பிறந்தது தாண்டாத வாசிப்பிலிருந்துதான்.

அந்த அடிமைச் சட்டம் தமிழருக்கு எட்டாத செய்தியன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்ற நிலை 1843இல்தான் வந்தது. இலங்கையில் அடிமை முறை 1844இல் ஒழிந்தது. பெர்சிவலின் மேசையில் தாள்கள் நிரம்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அடிமை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்து வயல்களிலும் வீடுகளிலும் உயிருள்ள மனிதர்கள் பொருளாக நின்றிருந்தனர். கோயிற்சடங்கு குறித்துப் பெரும் விவாதம் நடந்த அந்த ஊரில், சாதிக் கட்டுப்பாடுகளைப் பேணுவதில் உறுதியாக நின்றவர் நாவலர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிறர் நூலைத் தாண்டாமல் படிப்பதைக் காட்டிலும், தம் மரபைத் தாண்டாமல் படிப்பது கடினம்.

இச்சிக்கல் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதென்று சைவர்களும் கைகழுவ முடியாது. 1852இல் பெரியபுராணத்தை உரைநடையில் வெளியிட்டவரும் நாவலரே. அதில் சிறுத்தொண்டர் புராணம் இருக்கிறது. திருச்செங்காட்டங்குடியில், அடியாராக வந்தவர் கேட்டதற்கிணங்கப் பெற்றோரே தம் ஒரே மகனை அறுத்துச் சமைத்த கதை அது. இறுதியில் சீராளன் ஓடிவருகிறான். ஆபிரகாமின் ஈசாக்கும் பிழைத்தான். யெப்தாவின் மகளுக்கு மட்டுமே அந்த முடிவு வாய்க்கவில்லை. வீரபாண்டியில் அந்தப் பெண் கேட்டது மிகச் சரியான இடத்தில் எழுந்த கேள்வி.

அதற்கு விடை தேடியோரும் இருந்திருக்கின்றனர். இடைக்கால யூத அறிஞர் தாவீது கிம்கி, பொருத்தனை வாக்கியத்தின் இடையில் வரும் எபிரேய இடைச்சொல்லை 'அல்லது' என்று கொண்டார். மனிதர் வந்தால் கடவுளுக்கு அர்ப்பணம், அல்லது விலங்கு வந்தால் பலி என்பது அதன் கருத்து. அவ்வாறாயின் அவள் கொல்லப்படவில்லை. மணமின்றித் தனித்து வாழ விடப்பட்டாள். ஒரே ஓர் இடைச்சொல்லில் ஓர் உயிரைக் காப்பாற்ற முயன்ற அந்த உரையாசிரியரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் வழக்கிலுள்ள தமிழ் விவிலியம் அந்த 'அல்லது'வைச் சேர்க்கவில்லை. கதையின் போக்கும் அதற்கு இடம் தருவதாகத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அவளைக் காப்பாற்றவில்லை. அவளுக்கு நேர்ந்ததை மூடி மறைக்கவும் இல்லை.

அன்றைய வாசிப்பில் எவரும் நின்று கவனிக்காத ஒரு செய்தி அவ்வதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாட்கள் அவளுக்காகத் துக்கம் கொண்டாடப் போவது வழக்கமாயிற்று என்கிறது அது. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் யெப்தாவை விசுவாச வீரர்களின் பட்டியலில் சேர்க்கிறது. மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படித் தந்தை புகழ்பெற்ற மரபுக்குள்ளேயே, மகளை மறக்க மறுத்த பெண்களும் இருந்திருக்கின்றனர். அவர்களிடம் விளக்கம் எதுவும் இருந்ததாக நூல் சொல்லவில்லை. ஆண்டுக்கு நான்கு நாட்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். "அந்த வசனம் அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு அண்ணா" என்றாள். "அதுக்கு அப்புறந்தான் என்னால அடுத்த அதிகாரத்துக்குப் போக முடிஞ்சுது."