லாரி பலகையும் டூல் டிஸ்க்ரிப்ஷனும்

மணலி பக்கம் வந்தவங்களுக்கு டேங்கர் லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1969ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (2000லிருந்து சென்னை பெட்ரோலியம்) ஓட ஆரம்பிச்சதிலிருந்து எங்க ஊர் ரோடெல்லாம் அவங்க ராஜ்ஜியம்தான், நாமதான் ஓரமா போய்க்கணும் :-) அந்த லாரிகள்ல கட்டம் போட்ட ஒரு பலகை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? பெட்ரோல் லாரின்னா 1203ன்னு ஒரு எண், '3 ஒய் இ'ன்னு ஒரு குறி, சரக்கோட பேர், ஒரு படம், ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் டூல்களுக்கு ஏஐ ஏஜென்ட் படிச்சு புரிஞ்சுக்கற மாதிரி விளக்கம் எழுதறது இப்போ என் ஆபீஸ் ஆணிகளில் ஒண்ணு. இதுக்கு முன்னோடி எதுன்னு யோசிச்சா, எனக்கு இந்தப் பலகைதான் முதல்ல தோணுது.

கொஞ்சம் வரலாறு. அபாயகரமான சரக்குகளைக் கொண்டு போறது பற்றிய ஐ.நா. பரிந்துரைகள் முதலில் வெளிவந்தது 1956ல். 1203 அந்த வரிசையில் வந்த எண். டீசலுக்கு 1202, அமோனியாவுக்கு 1005. '3 ஒய் இ' என்பது ஹாஸ்கெம் குறி. 1970களில் லண்டன் தீயணைப்புப் படையில் பிறந்தது. 3ன்னா நுரை அடி. ஒய்ன்னா மூச்சுக் கருவி எடுத்துக்கோ, சிந்தினது வடிகால்ல கலக்காம பாத்துக்கோ. இன்னா சுத்தி இருக்கற ஜனங்களை வெளியேத்தறதை யோசி. நம்ம நாட்டில் 1989ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையைக் கட்டாயமாக்கின.

இது யாருக்காக எழுதினது? டிரைவருக்கு இல்லை, அவருக்கு சரக்கு என்னன்னு தெரியும். லாரி கவுந்து, டிரைவர் மயங்கிக் கிடக்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நிக்கற ஒரு தீயணைப்பு வீரருக்காக. கேள்வி கேட்க ஆளில்லாத வாசகர்!

அப்படி ஒரு எழுத்து இல்லாமப் போனா என்ன ஆகும்னு 1984 டிசம்பர் 2-3 ராத்திரி போபால்ல பார்த்தோம். என்ன வாயு, என்ன சிகிச்சைன்னு டாக்டர்களுக்கே தெளிவா சொல்லப்படலை. எந்தப் பக்கம் ஓடறதுன்னு ஜனங்களுக்குத் தெரியலை. உள்ளே சிலருக்குத் தெரிஞ்சது மதில் சுவரைத் தாண்டி வரலை. 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்துகளைத் தொழிலாளிக்கு மட்டுமில்ல, உள்ளாட்சிக்கும் சுற்றி வசிக்கிற ஜனங்களுக்கும் நிர்வாகம் சொல்லியே ஆகணும்னு சேர்த்தாங்க. மணலி, எண்ணூர்காரங்களுக்கு இது வெறும் சட்டப் பிரிவு இல்லை.

இப்போ நம்ம பொட்டி தட்டற உலகத்துக்கு வருவோம். யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் பெல் லேப்ஸ் சகாக்களுக்காகப் போட்டது. புரியலைன்னா போய் கதவைத் தட்டலாம். அப்புறம் அரை நூற்றாண்டு நாம எழுதினதெல்லாம் இந்த நினைப்புலதான்: மிச்சத்தைப் பக்கத்து சீட்டுல கேட்டுப்பாங்க.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி நெறிமுறையை வெளியிட்டது. டூலோட பேர், சில வரி விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்கணும்ங்கற அமைப்பு: ஏஜென்ட் கண்ணுக்குத் தெரியறது பெரும்பாலும் இவ்வளவுதான். அதுக்குப் பக்கத்து சீட்டே கிடையாது.

"கஸ்டமர் ரெக்கார்டை நீக்கும்"னு ஒரு வரி எழுதினா மனுஷனுக்குப் போதும். ஏஜென்ட்டுக்கு எப்படி எழுதணும்? "நிரந்தரமா அழிக்கும், திரும்ப எடுக்க முடியாது. தற்காலிகமா மறைக்கணும்னா ஆர்க்கைவ் டூலைப் பயன்படுத்து. ஐடி எட்டு இலக்கம், பேர் கொடுக்காதே." எப்போ பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்றதுதான் இதுல பாதி வேலை. எரர் மெசேஜும் அப்படித்தான்: 'தவறு'ன்னு மட்டும் சொல்லாம அடுத்து என்ன செய்யணும்னு சொல்லணும்.

2025 மார்ச்சில் எம்சிபியில், இந்த டூல் படிக்க மட்டும்தானா, எதையாவது அழிக்கக்கூடியதான்னு குறிப்பு போட வழி செஞ்சாங்க. நம்ம ஹாஸ்கெம் மாதிரியேதான்! ஆனா நம்பகமான இடத்திலிருந்து வராத குறிப்பை நம்பாதேன்னும் அதிலேயே சொல்லியிருக்காங்க. 1203ன்னு எழுதி உள்ளே வேற ஏத்தியிருந்தா?

இன்னொரு விஷயம், பலகை மட்டுமே போதாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் ஏஜென்ட், எதையும் மாத்தாதேன்னு சொல்லியிருந்தும், ஒருத்தரோட நிஜ டேட்டாபேஸை அழிச்சது. அதுக்கப்புறம்தான் அந்த நிறுவனம் சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரிச்சு வைக்க ஆரம்பிச்சது. லாரியில் பலகையோட வால்வும் இருக்கறது இதுக்குத்தான். எழுத்து புரிய வைக்கும், பூட்டுதான் தடுக்கும்.

அதனால மக்கா, அடுத்த தடவை டூலுக்கு விளக்கம் எழுதும்போது நீங்க பக்கத்துல இல்லைன்னு நினைச்சு எழுதுங்க.

கொசுறு: 1971 மேனுவலிலேயே 'பக்ஸ்'னு ஒரு தலைப்பு வெச்சு, டூலோட குறையை அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்மில் பலர் இன்னும் அதை விளம்பரத்துக்குக் கெடுதல்னு மறைச்சுக்கிட்டு இருக்கோம்!