பெயர் வேண்டாம், தோட்டம் போதும்!

ஹோட்டலுக்குப் போகிறீர்கள். மெனு கார்டில் 'ஸ்பெஷல் நெய் ரோஸ்ட்' 60 ரூபாய், 'சாதா தோசை' 600 ரூபாய் என்று போட்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்? சர்வரைக் கூப்பிட்டு, 'என்னப்பா, அச்சுப் பிழையா?' என்று கேட்பீர்கள். அவர் பவ்யமாக, 'இல்லை சார், எங்க சாதாவுக்குத்தான் ஊரே க்யூவுல நிக்குது' என்கிறார்!

கிட்டத்தட்ட இந்தக் கூத்து 1970களில் இத்தாலியில் நடந்தது. அரசாங்க முத்திரை பெற்ற ஒயின் மலிவாகக் கிடைத்தது. 'சாப்பாட்டு மேஜை ஒயின்' என்று கடைசிப் பிரிவில் தள்ளப்பட்ட பாட்டிலுக்கோ கூடுதல் விலை! காரணம், டஸ்கனி மாநிலத்தில் ஃப்ளாரன்ஸ் நகருக்குத் தெற்கே, ஒரு குன்றின் சரிவில் கிடக்கும் ஒரே ஒரு திராட்சைத் தோட்டம். பெயர், டின்யானெல்லோ.

(மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பது நமக்குத் தெரிந்ததுதான். இங்கே நாம் திறக்கப்போவது பாட்டிலை அல்ல, அதன் சரித்திரத்தை!)

டஸ்கனியில் கியான்டி என்ற மலைப் பகதி ஒயினுக்குப் பெயர் போனது. 1716-லேயே மெடிசி வம்சத்து மூன்றாம் கோஸிமோ, 'இந்த எல்லைக்குள் விளைந்ததுதான் கியான்டி' என்று ஆணை போட்டு எல்லை வகுத்துவிட்டார். ஊர்ப் பெயரைத் திருடி விற்கும் வியாபாரிகள் அன்றைக்கும் இருந்தார்கள் என்பது இதிலிருந்தே புரிகிறது அல்லவா?

எல்லை சரி, உள்ளே என்ன இருக்க வேண்டும்? அதற்கு ஒரு பிரபு வந்தார். பெட்டினோ ரிகாஸோலி. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். பிடிவாதத்துக்காக 'இரும்பு பிரபு' என்று பட்டப் பெயர். தன் ப்ரோலியோ கோட்டையில் உட்கார்ந்து, திராட்சைகளை மாற்றி மாற்றிக் கலந்து பரிசோதனை செய்துகொண்டிருந்தார். 1872-ல் பீஸா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்குத் தன் முடிவைக் கடிதமாக எழுதினார்.

கடிதத்தின் சாரம் இதுதான்: ஒயினுக்கு மணமும் முறுக்கும் தருவது சாஞ்ஜோவேஸே என்ற கறுப்புத் திராட்சை. அதன் கரடுமுரடைத் தணிக்க கனாயோலோ என்ற இன்னொரு கறுப்பு. அன்றாடம் குடிக்கிற இளசான ஒயினுக்கு மட்டும் மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சை கொஞ்சம் சேர்க்கலாம். வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்க வேண்டிய ஒயின் என்றால் அந்த வெள்ளையை விட்டுவிடலாம்!

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்தில் டஸ்கனி நிலமெல்லாம் வாரச் சாகுபடி. விளைச்சலில் பாதி நிலச்சுவான்தாருக்கு, பாதி உழுகிறவனுக்கு. ஒரே நிலத்தில் கோதுமை, ஆலிவ், நடுவே திராட்சைக் கொடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விவசாயிகள், 'போதுமடா சாமி' என்று தொழிற்சாலை வேலைகளுக்குக் கிளம்பினார்கள். 1964-ல் ஒரு சட்டம், புதிய வார ஒப்பந்தமே கூடாது என்றது. பண்ணை வீடுகள் காலியாகின. ஊர் ஊராக வெறிச்சோடியது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் 1967-ல் கியான்டிக்கு 'டி.ஓ.சி' என்ற அரசாங்கத் தர முத்திரை கிடைத்தது. முத்திரை வேண்டுமென்றால் 10 முதல் 30 சதவிகிதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆக வேண்டும் என்றது சட்டம். ரிகாஸோலி 'சேர்க்கலாம்' என்றார். அதிகாரிகள் அதை 'சேர்த்தே தீர வேண்டும்' என்று ஆக்கிவிட்டார்கள்! அதுவும், எங்கே பார்த்தாலும் நட்டு வைத்திருந்த ட்ரெபியானோ என்ற வெள்ளைத் திராட்சை தாராளமாகக் காய்க்கும்; ருசி சுமார்தான். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில், தண்ணிப் பாலுக்கு முத்திரை குத்திய கதை.

விளைவு? கியான்டி என்றால் வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டில், உள்ளே வெளிறிப்போன சிவப்புத் திரவம் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. காலியான பாட்டிலில் மெழுகுவத்தி செருகி வைத்து ரெஸ்டாரன்ட்டுகளை அலங்கரித்தார்கள். அந்த பாட்டிலுக்கு இத்தாலியில் 'ஃபியாஸ்கோ' என்று பெயர். படுதோல்வியைக் குறிக்க ஆங்கிலத்தில் புழங்கும் ஃபியாஸ்கோவும் இதே இத்தாலியச் சொல்தான். பொருத்தமோ பொருத்தம்!

இப்போது நம் ஹீரோ. பியேரோ அன்டினோரி. ஃப்ளாரன்ஸின் பழம்பெரும் குடும்பம். 1385-லேயே இவருடைய முன்னோர் ஒருவர் ஒயின் வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். 1966-ல் நிர்வாகம் பியேரோ கைக்கு வந்தபோது வயது முப்பதைத் தொடவில்லை. 'அறுநூறு வருஷப் பேர். இந்தக் கலர் தண்ணியை விற்கத்தானா?' என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும்.

வழி காட்டியது உறவு. பியேரோவின் அம்மாவும், மார்க்கி மாரியோ இன்சீஸா என்ற பிரபுவின் மனைவியும் அக்கா தங்கை. நம் கணக்கில் மாரியோ, பியேரோவுக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிறார். மாரியோவுக்கு பிரெஞ்சு ஒயின் மீது பைத்தியம். கடலோர போல்கெரியில், கற்கள் நிறைந்த நிலத்தில், பிரான்ஸின் காபர்னே திராட்சையை 1944-ல் நட்டார். சாஸிகாயா என்று பெயர். 'கல்லாங்காடு' என்கிற மாதிரி அர்த்தம். இருபது வருஷம் குடும்பத்துக்கு மட்டும்தான் அந்த ஒயின். 1968 அறுவடைதான் முதல்முதலில் கடைக்கு வந்தது. 1978-ல் லண்டனில் 'டிகான்டர்' பத்திரிகை நடத்திய போட்டியில் உலகத்து காபர்னேக்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலிடம்! பாட்டில் மேல் எழுதியிருந்ததோ, 'மேஜை ஒயின்'. சாதா!

இதை விற்க உதவியது பியேரோவின் நிறுவனம். ருசியைச் செம்மைப்படுத்தியது அவரிடம் இருந்த ஒயின் நிபுணர் ஜாகோமோ டாகிஸ். பிரான்ஸின் போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் பெய்னோவின் ஆலோசனையும் கிடைத்தது. சாஸிகாயா பிறந்தது பிரெஞ்சுத் திராட்சையில். 'அதே கவனத்தை நம்ம ஊர் சாஞ்ஜோவேஸே மேல் காட்டினால் என்ன?' என்பதுதான் அடுத்த பந்தயம்.

1970 அறுவடையில் டின்யானெல்லோ தோட்டத்துத் திராட்சையை மட்டும் தனியாகப் பிழிந்து, பழைய ராட்சத மரத்தொட்டிக்குப் பதிலாக 225 லிட்டர் சின்ன ஓக் பீப்பாய்களில் ஊற வைத்தார்கள். முதல் வருஷம் 'கியான்டி' என்ற பெயரிலேயே வந்தது. 1971-ல் பியேரோ அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டார். லேபிளில் தோட்டத்தின் பெயர் மட்டும். 1975-ல் வெள்ளைத் திராட்சைக்கு முழுசாக டாட்டா! 1982-லிருந்து 80 சதவிகிதம் சாஞ்ஜோவேஸே, மீதி இரண்டு வகை காபர்னே என்று கலவை நிலைத்தது.

சட்டப்படி இது கியான்டி அல்ல. முத்திரை கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, 'சாதா' வரிசையில் போய் நிற்பது லேசான காரியமா? வியாபாரிக்கு அது தற்கொலைக்குச் சமம். ஆனால், பாட்டிலைத் திறந்தவர்கள் லேபிளை மறந்துபோனார்கள்.

பக்கத்து ராடாவில் செர்ஜோ மனெட்டி என்ற தொழிலதிபர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1977 அறுவடையில் நூறு சதவிகிதம் சாஞ்ஜோவேஸே, அதுவும் லெ பெர்கோலே டோர்டே என்ற ஒரே தோட்டத்திலிருந்து. கலப்படமே இல்லாத மண்ணின் மைந்தன்! ஆனால், சுத்தமாக இருந்ததாலேயே சட்டம் அதை 'கியான்டி இல்லை' என்றது. 1981-ல் மனெட்டி உற்பத்தியாளர் சங்கத்திலிருந்தே வெளியேறிவிட்டார்.

அப்படி என்னதான் ருசி? கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மணம் சுற்றி வர இடம் வேண்டும். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும். வெளிச்சத்தில் பார்த்தால் மாணிக்கச் சிவப்பு; வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். முகர்ந்தால் செர்ரிப் பழம், பிறகு புகையிலை, தோல், காய்ந்த இலை என்று ஒவ்வொன்றாக வரும்.

வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, அப்புறம்... ஆங்கிலேயர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயத்துக்கு நம்மிடம் ஒரே வார்த்தை இருக்கிறது. துவர்ப்பு! கொட்டைப் பாக்கைக் கடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதே. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு போகிறது.

இந்தத் துவர்ப்புதான் சாப்பாட்டுக் கூட்டணியையும் முடிவு செய்கிறது. டஸ்கனிக்காரர்கள் கனமான மாட்டிறைச்சித் துண்டத்தைக் கரி அடுப்பில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் எடுப்பார்கள். அந்த இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை இழுத்துக்கொள்ள, ஒயின் பட்டாக இறங்குகிறது. ஒயினின் புளிப்போ வாயில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடுகிறது. காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய அகலமான பாஸ்தா, செம்மறிப் பாலில் செய்த பெக்கோரினோ பாலாடைக்கட்டி, தக்காளிச் சமையல் எல்லாம் இதே கணக்குதான். காரமும் இனிப்பும் மட்டும் ஆகாது. காரத்தோடு சேர்ந்தால் துவர்ப்பு இன்னும் உறைக்கும், இனிப்போடு சேர்ந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

சரி, மற்றவர்கள் என்ன செய்தார்கள்? காப்பி அடித்தார்கள்! ஆளாளுக்கு ஒரு புதுப் பெயர் வைத்து மேஜை ஒயின் விட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் 'சூப்பர் டஸ்கன்' என்று செல்லப் பெயர் சூட்டின. உசத்தியான ஒயினெல்லாம் கடைசி வரிசையில் நிற்க, அரசாங்கத்துக்குத் தர்மசங்கடம். 1984-ல் வெள்ளைத் திராட்சையின் அளவைக் குறைத்தார்கள். 1992-ல் இந்த மாதிரி ஒயின்களுக்காகவே 'ஐ.ஜி.டி' என்று நடுவில் ஒரு பிரிவைச் சட்டம் உண்டாக்கியது. 1994-ல் சாஸிகாயாவுக்குத் தனி மரியாதை கிடைத்தது. 1996-ல் நூறு சதவிகித சாஞ்ஜோவேஸேயும் கியான்டி க்ளாஸிகோதான் என்றார்கள். 2006-லிருந்து கியான்டி க்ளாஸிகோவில் வெள்ளைத் திராட்சை சேர்ப்பதே குற்றம்! எது கட்டாயமாக இருந்ததோ அது தடை செய்யப்பட்டது.

'அப்படியென்றால் விதியை மீறினால் ஜெயிக்கலாமா?' என்று கேட்கலாம். அதற்கும் டஸ்கனியே பதில் வைத்திருக்கிறது. தெற்கே மொன்டால்சினோ ஊரின் ப்ருனெல்லோ ஒயினில் சாஞ்ஜோவேஸே தவிர வேறெதுவும் கூடாது. 2008-ல் சில பாட்டில்களில் வேறு திராட்சை கலந்திருப்பதாகச் சந்தேகம் கிளம்பி, விசாரணை, பறிமுதல் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. தரச் சான்றிதழ் காட்டு என்றது அமெரிக்கா. கடைசியில் உற்பத்தியாளர்கள் ஓட்டுப் போட்டு, 'ஒரே திராட்சைதான்' என்று மறுபடி உறுதி செய்தார்கள்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். பியேரோவும் மனெட்டியும் விதி பிடிக்காததால் பெயரை விட்டார்கள். உள்ளே இருப்பதை மறைக்கவில்லை. 2008 விவகாரத்தில் எழுந்த சந்தேகமோ, பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றினார்கள் என்பது. முன்னதற்குப் பெயர் கலகம். பின்னதற்குப் பெயர் கலப்படம்.

வெளிநாடு போகும்போது யாராவது வாங்கி வரச் சொன்னால், சில விஷயங்கள். 'சூப்பர் டஸ்கன்' என்பது சட்டப்படியான தரம் அல்ல, வெறும் செல்லப் பெயர். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். 'வீன்யா' என்ற சொல்லோடு தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒரே தோட்டத்து ஒயினுக்கு அது அடையாளம். கியான்டி க்ளாஸிகோ என்றால் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். அதில் 'ரிஸெர்வா' குறைந்தது 24 மாதம் முதிர்ந்தது. 'க்ரான் ஸெலெட்ஸியோனே' 30 மாதம். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில்தான் செய்ய வேண்டும். பழைய பாட்டிலில் ஒயின் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் யோசியுங்கள். முக்கியமாக, 1984, 1992, 2002 என்று வருஷம் போட்ட டின்யானெல்லோவை யாராவது நீட்டினால் ஓடி வந்துவிடுங்கள். அறுவடை சரியில்லை என்று அந்த வருஷங்களில் அதைத் தயாரிக்கவே இல்லை!

இன்றைய கியான்டி க்ளாஸிகோ சட்டம், 80 சதவிகிதமாவது சாஞ்ஜோவேஸே இருக்கட்டும், மீதி 20-ல் காபர்னே சேர்த்தாலும் சரி என்கிறது. டின்யானெல்லோவின் கலவையும் கச்சிதமாக அதுவேதான். தோட்டம் இருப்பதும் கியான்டி க்ளாஸிகோ எல்லைக்குள்தான். கலவைக் கணக்குப்படி இன்றைக்கு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. மனெட்டியின் ஒயினுக்கும் இதே நிலைமை.

இந்த இரண்டு ஒயின்களின் லேபிளிலும் இன்றுவரை 'கியான்டி' இல்லை. சட்டம் வாசல் வரை வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பதாக இல்லை!